ஒங்களுக்கு வந்திருக்கா?

— கைய மடக்காத ஜெப்ஸி, மருந்து ஏறுதுல்லா. வயித்துக்கு மேல வலிக்குன்னியே, இன்னும் இருக்கா?

— இருக்கு சிஸ்டர். தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. கண்ணு முன்னால பூச்சி பறக்கு.

— எப்ப இருந்து?

— போன வாரமே மொகம் வீங்கிட்டு, மோதிரம் கழறல. வெயிலு, ஒண்ணுஞ் செய்யாதுன்னு பெவின் சொன்னாக. ஹார்பர்ல கப்பல் நிக்கு, லீவு போட முடியாதுன்னாக.

— புருசன் வரலன்னா, முத்தையாபுரத்துல இருந்து நீயே பஸ் ஏறி வரக்கூடாதா? மொகம் வீங்கினா, தலைவலி விடலன்னா, கண்ணு மங்கினா, அன்னைக்கே ஓடி வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பிரஷர் எங்கயோ நிக்கு. குறைமாசம்னாலும் இன்னைக்கே பிள்ளைய எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க, சரியா? டீச்சரம்மா, மவளோட மொத செக்கப்புலயே ஒங்ககிட்ட கேட்டேன், இல்லன்னீங்க, திரும்பவும் கேக்கேன். தாய்க்கு வந்திருந்தா மவளுக்கும் வரலாம். மாசமா இருக்கையில ஒங்களுக்கு பிரஷரு, வலிப்பு ஏதும் வந்திருக்கா?

— இல்லன்னு சொல்லும்மா. ஏன் இப்படி முழிக்க?

— வந்துச்சு சிஸ்டர்.

— அம்மா!

— ஒனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா மக்கா. வலிப்பு வந்து நான் நெனவில்லாமக் கெடந்தேன். முழிச்சுப் பாத்தா, அவள அடக்கம் பண்ணிட்டு வந்து நிக்காக.

— என்ன டீச்சரம்மா இது! அப்பவே சொல்லியிருந்தா மாத்திரை குடுத்திருப்போமே, அடிக்கடி வரச்சொல்லி பிரஷர் பாத்திருப்போமே! இருங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு வாரேன்.

— நீயெல்லாம் ஒரு தாயா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதன்னு படிச்சுக் குடுப்ப, பெத்த மவகிட்ட மறைப்பியா? எம்பிள்ள உள்ள கெடந்து தவிக்கே!

— ரெண்டு அடி அடிச்சிரு ஜெப்ஸி. அப்படிப் பாக்காத.

— வலிப்பு வந்த வீட்டுல பொண்ணெடுக்க மாட்டாகன்னு பயந்துட்ட. அதான?

— அதில்ல மக்கா.

— பின்ன என்ன? போ, வெளிய பெவின் நிக்காக, கூப்பிடு. எல்லாத்தையும் அவுக முன்னால சொல்லு. எனக்குன்னு அந்த ஒரு மனுசராவது இருக்காகளே.

— கல்யாணம் பேசையிலயே மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன் ஜெப்ஸி. தெரிஞ்சா நீ பிள்ளையே வேண்டாம்னுருவன்னு, ஒங்கிட்ட மறைக்கச் சொன்னதே அவருதான்.