நிரோசினியின் ஐந்து குண்டுகள்

— நிரோ, உன்ரை முதலாளி சிஞ்ஞோறா தந்த பாரக் குண்டைப் போடு. சும்மா கொப்பியைப் பிரட்டாதை.

— பொறுங்கோப்பா. அது பன்றி சுடுற குண்டு. நான் சுடப்போறது கடுதாசி அட்டையை.

— ரெண்டும் செம்பு பூசினதுதானே? மினுக்கமும் ஒண்டுதான். வன்னியிலை இதே மாதிரி வாயாலை மருந்து இடிக்கிற இடியன் துவக்குக்குச் சைக்கிள் இரும்புப் போல்ஸ் போட்டே பன்றி விழுத்தினவங்கள்.

— மினுக்கம் பார்த்து எடுக்க இது காப்பே? பூச்சு, ஈயம் குழலிலை ஒட்டாமல் இருக்கிறதுக்கு. பாரக் குண்டெண்டால் வெடிமருந்தும் கூடப் போடோணும். துவக்கு உதைக்கும், என்ரை தோள் ஆடும். பதினொரு ஞாயிறும் சுட்டுப் பார்த்து எழுதி வைச்சிருக்கிறன்: சின்னக் குண்டு, எழுபது கிறேன் நிறை மருந்து, அஞ்சும் ஒரு கோப்பை வாயளவுக்குள்ளை.

— பிறகேன் இந்த விமலராஜின்ரை மனுசி திரும்பத் திரும்பக் கொப்பியைப் பார்க்கிறாள்?

— நான் எழுதினது பிழையெண்டால்? இண்டைக்கு வெல்லுற ஒராள்தான் பலெர்மோவிலையிருந்து ரோம் போட்டிக்கு. மூண்டு வருசமாய் சிஞ்ஞோறாதான் போறா. நான் அவவின்ரை வீடு துடைக்கிறவள்.

— குண்டை நிறுத்தனியே?

— ஓம். பல்லரோச் சந்தையிலை இராசேஸ்வரி அக்காவின்ரை நகைத் தராசிலை. நாப்பது குண்டிலை நிறை பிசகின ஒன்பதைக் கழிச்சனான்.

— சத்தியமா, என்னைக் கட்டேக்கை நீ இவ்வளவு பார்க்கேல்லையடி.

— பார்த்திருக்கலாம். தள்ளி நில்லுங்கோ, முதல் வெடி.

— அடியாத்தை, என்ன புகை! சிஞ்ஞோறா அங்கையிருந்து பார்க்கிறா.

— பார்க்கட்டும். அந்தத் துணியைத் தாங்கோ, குழல் துடைக்க.

— ஒவ்வொரு வெடிக்குமோ? மற்றவை ரெண்டு மூண்டுக்கு ஒருக்காத்தானே துடைக்கினம்.

— அவையின்ரை குண்டு போற இடத்தைப் பாருங்கோ.

— சரி, இது அஞ்சாவது. மூச்சை விடு, நிரோ. விசையைக் கெதியிலை அமத்தாதை.

— கதைக்காதையுங்கோ.

— விட்டிட்டாய்! அட்டையைக் கொண்டு வாறாங்கள்.

— நான் பார்க்கமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ.

— ஒண்டு, ரெண்டு... அஞ்சும் நடுக் கறுப்புக்குள்ளை! முதலாவதாய் உன்ரை பேரைத்தானடி மைக்கிலை வாசிக்கிறாங்கள்!

— சிஞ்ஞோறா?

— ரெண்டாவது. ஐயோ, இஞ்சைதான் வாறா. முகம் சிவந்துபோய்க் கிடக்கு. நீ கதை, அவவின்ரை இத்தாலியன் எனக்கு விளங்காது.

— சி, சிஞ்ஞோறா... சி... கிராத்சியே, சிஞ்ஞோறா.

— என்னவாம்? எதுக்கு நன்றி சொல்லுறாய்? நாளையிலையிருந்து வேலைக்கு வரவேண்டாமாமோ?

— இல்லையப்பா. தானும் ரோமுக்கு என்ரை துவக்கைத் தோளிலை காவிக்கொண்டு வரட்டோவெண்டு கேக்கிறா.