காசுல இருக்கிற மூஞ்சி

இல்ல சார், இந்தக் காசு விக்கிறதுக்கில்ல. வெலையப் பத்திப் பேச்சே வேணாம். இதுல இருக்கிற மூஞ்சி யாரோடதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, போதும். போலின்னா அதையும் தயங்காமச் சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. சொல்லப்போனா சந்தோசந்தான்.

ஏன் சந்தோசமா? சரி, நீங்க வெளியாளு, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எங்க அப்பா தவறி ரெண்டு மாசமாச்சு. வாட்ச் ரிப்பேர் பண்ணவரு. இந்தக் காசு அவருக்கு அவரோட அப்பா குடுத்தது. ரோமாபுரிக் காசுன்னு வீட்ல ஒரு பேச்சு உண்டு, அவ்வளவுதான், யாரும் சரிபாத்ததில்ல. கடைசியா ஆஸ்பத்திரியில சித்தப்பா கையப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் காசுல இருக்கிறது என் மக மூஞ்சிடா, அவகிட்டயே குடுத்துடுன்னு சொல்லியிருக்காரு. எந்த மகள்னு சொல்லல. நாங்க ரெண்டு பேரு சார். நானும் தங்கச்சியும்.

சித்தப்பா சொல்லி வாய மூடல, எல்லாரும் பாப்பாவத் திரும்பிப் பாக்கிறாங்க. தங்கச்சியத்தான் சொல்றேன். அம்பது வயசாகப்போகுது, இன்னும் பாப்பா! ஒருத்தராவது, ஒரு பேச்சுக்காவது என் பக்கம் திரும்பணுமே? ஊஹூம். காச எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல காட்டுறாங்க. ஆமா ஆமா, சுருட்ட முடி, பின்னால ரிப்பன் தொங்குது பாரு, ஏதோ ஒரு ராணி, அப்படியே பாப்பாவ உரிச்சு வச்சிருக்குங்கிறாங்க. அவளும் வெக்கப்படுறா சார்! எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல.

பொறாமதான், இல்லேங்கல. இதுல ஒளிக்க என்ன இருக்கு? பொறந்ததுலேர்ந்து கூடவே இருந்து பாருங்க, தெரியும். பஸ்ல ஏறினா அவளுக்கு எடம் கெடைக்கும், எனக்கு அவ பை கெடைக்கும். ஸ்டூடியோவுல எங்க ரெண்டு பேரையும் சேத்து நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்தாங்க. அத ஸ்டூடியோக்காரன் பெருசு பண்ணி கடை வாசல்ல மாட்டினான். பாத்தா பாப்பா மட்டும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. ஓரத்துல ஒரு தோள் தெரியும் பாருங்க, அது நானு.

வேலையா? எக்ஸ்ரே எடுக்கிறேன் சார். ஆமா, நெஞ்சு, கை, கால் எல்லாந்தான். ரொம்பப் பிடிச்ச வேல. எலும்புல யாரு அழகுன்னு எவனாலயும் சொல்ல முடியாது பாருங்க.

அப்பாவ ரெண்டு பேருந்தான் பாத்துக்கிட்டோம். பொய் சொல்லக்கூடாது, அவளும் வந்து செய்வா. ஆனா அவ வந்தா அப்பா மூஞ்சியில லைட்டு போட்ட மாதிரி இருக்கும். நான் போனா, வந்துட்டியாம்பாரு, மறுபடியும் லென்ஸக் கண்ணுல மாட்டிக்கிட்டுக் குனிஞ்சுக்குவாரு. அப்படியிருந்தும் மனசுக்குள்ள ஒரு நப்பாச. அந்த மக நானா இருக்கக்கூடாதா? ஒரு தடவ, இந்த ஒரே ஒரு விஷயத்துல? அதனாலதான் முந்திக்கிட்டேன். குடுக்கிறது இருக்கட்டும், மொதல்ல அசலான்னு விவரம் தெரிஞ்சவர்கிட்ட காட்டிட்டு வரலாம்னு சொல்லிப் பிடுங்கிட்டு வந்துட்டேன்.

என்ன சார், அசலா? வெள்ளியா? நெசமாவே ரோமாபுரியா? ரெண்டாயிரம் வருசமா! ம்ம். குடுத்துவச்சவ. அவ தொட்டதெல்லாம் அப்படித்தான்.

எழுத்து தெரியுதா? படிங்க, படிங்க. டைபீ... வாயிலயே நுழையலயே சார். டைபீரியஸ். அது எந்த ஊரு ராணி?

என்னது, ராஜாவா?

ஆம்பளையா சார்? இன்னொரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அப்ப அந்த ரிப்பன்? ஓ... தலையில இலை மாலை, அதக் கட்டின முடிச்சோட நுனியா! ஐயோ, சிரிப்ப அடக்க முடியல சார், மன்னிச்சுக்குங்க. பாப்பா மூஞ்சியாம்ல! அத்தன பேரும் வெறுங்கண்ணால பாத்துட்டு என்னா ஆட்டம் ஆடினாங்க!

பின்பக்கம் ஒரு பொம்பள உக்காந்திருக்காளா? எங்க, காட்டுங்க. இவளா? கடுகத்தன தல. இதுல மூக்கேது, முழியேது? அப்பா மூஞ்சின்னுதான சொன்னாரு. அப்ப முன்பக்கந்தான், சந்தேகமே இல்ல.

அந்த லென்ஸக் குடுங்க சார், நானும் ஒருக்கா பாத்துக்கிறேன்.

ஆமா. தெரியுது. இந்த மூக்கு... இந்தத் தாடை. தொண்டையில குரல்வளைகூடத் துருத்திக்கிட்டு நிக்குது. லென்ஸ் வச்சுப் பாத்தா இது தெரியாமப் போகாது இல்ல? அப்பா தெனமும் வேல முடிஞ்சதும் இத ஒருதரம் லென்ஸ்ல பாத்துட்டுத்தான் டப்பாவுல போடுவாரு. அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் சொல்லியிருக்காரு.

ஒண்ணுமில்ல சார். தண்ணியெல்லாம் வேணாம்.

சின்ன வயசுல கடைக்குப் போனா என்னைத் தம்பின்னுதான் கூப்புடுவாங்க. ரெட்ட சடை போட்டுக்கிட்டு நின்னாலும் தம்பி. ஸ்கூல்ல தம்பி, தெருவுல தம்பி. அம்மாகூட வெளையாட்டுக்குக் கூப்புட்டிருக்காங்க. அப்பா மட்டும் ஒரு தடவகூடச் சொன்னதில்ல. ஒருநாள் செருப்புக் கடைக்காரன், தம்பிக்கு என்ன அளவுன்னு கேட்டுட்டான். அப்பா எடுத்து வச்சிருந்த செருப்ப அங்கயே போட்டுட்டு, என் கையப் பிடிச்சு விறுவிறுன்னு வெளிய கூட்டிட்டு வந்துட்டாரு. கோவத்துல மூச்சு வாங்குது அவருக்கு. அதுக்கப்புறம் எவன் தம்பின்னாலும் நான் கண்டுக்கிட்டதில்ல. அப்பா கண்ணுக்கு நான் அப்படித் தெரியலேல்ல, அந்தத் தெம்பு போதும்னு இருந்துட்டேன்.

ஆசையாத்தான் பாத்திருப்பாருங்கிறீங்களா? இருக்கும் சார். தெனம் எடுத்துப் பாத்தவரு வெறுப்புலயா பாத்திருப்பாரு? அதெல்லாம் எனக்கும் புரியுது. காசு எனக்குன்னுதான் சொல்லியிருக்காரு. நான் கேட்டதும் அதத்தான. ஆனா இத வாங்கிக்கணும்னா அத்தன பேரு முன்னாடியும் போயி நின்னு, இது ராணியில்ல ராஜா, அதனால என் மூஞ்சின்னு என் வாயாலயே சொல்லணும். சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும், அது பழகினதுதான். அப்பா கண்ணுக்கும் நான் அப்படித்தான் இருந்திருக்கேன்னு அவங்களுக்குத் தெரியவேணாம் சார்.

அந்தக் கவர்லயே போட்டுக் குடுத்துடுங்க. ஒரே ஒரு உதவி. பாப்பா வெளிய கார்லதான் உக்காந்திருக்கா. என்னை நம்பாம அவளே உள்ள வந்து கேட்டாலும் கேப்பா. ராணின்னு சொல்லிடுங்க. எந்த ராணின்னு கேப்பா, நல்ல அழகான ராணியாப் பாத்து ஒரு பேரு சொல்லிடுங்க.