வழக்கமான மேசை

ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றித் தெரிந்துகொள்ள அதன் கை கழுவும் இடத்தைப் பார்த்தால் போதும். மற்றவர்கள் மேசைமேல் எரியும் மெழுகுவத்தியைப் பார்ப்பார்கள். நான் குழாயடியைப் பார்ப்பேன். பத்தொன்பது வருடப் பழக்கம். மாநகராட்சியில் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் என்றால் ஏதோ பெரிய பதவி மாதிரி இருக்கும். உண்மையில் அடுத்தவர் அடுப்படியில் மூக்கை நுழைப்பதற்குச் சம்பளம் வாங்கும் வேலை. அதனால்தான் என் தங்கையின் கணவர் என்னிடம் கேட்டார். வேறு யாரிடம் கேட்பார்?

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

போன வருடம் ஒரு புதன்கிழமை, மதியம், அவர் ஃபோன் செய்தார்.

"அக்கா, ஒரு உதவி. அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

"சொல்லுங்க தம்பி."

"கல்யாணமாகி மூணு வருஷம் ஆகப்போகுது. ஒரு சனி ஞாயிறு அவள அங்க கூட்டிட்டு வந்து சுத்திக் காட்டலாம்னு இருக்கேன். சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்க. சத்தம் கித்தம் இல்லாம, நிம்மதியா பேசுற மாதிரி. எனக்கு அந்த ஊர்ல லிஃப்டைத் தவிர ஒண்ணும் தெரியாது."

இது உண்மை. அவர் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். அவர்கள் ஊர் ரயிலில் மூன்று மணி நேரம். மாதம் ஒருமுறை இரண்டு நாள் இங்கே வருவார், கம்பெனி அறையில் தங்குவார், ரொட்டியும் பழமும் வாங்கித் தின்றுவிட்டு ஒன்பது மணிக்குள் படுத்துவிடுவார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், விசாரித்திருக்கிறேன். மூன்று வருடமாக விசாரித்துக்கொண்டுதான் இருந்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது.

"அப்படி என்ன தம்பி பேசணும்?" என்று கேட்டேன்.

"கம்பெனில வெளிநாட்டு வேலை குடுத்திருக்காங்க அக்கா. அஞ்சு வருஷம். அன்னைக்குத்தான் அவகிட்ட சொல்லப்போறேன்."

"ரொம்ப நல்ல விஷயம்" என்றேன். ஃபோனை வைத்துவிட்டு, மதியம் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி ஒருமுறை கழுவினேன்.

அம்மா போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, தங்கைக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே இல்லை. அவளுக்குத் தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்து அட்டையில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் கால் அமுக்கிவிட்டது எல்லாம் நான்தான். என்னைப் பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். "சின்னவள என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டார்கள். என்னோடு வருவாள் என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. இதை யாராவது தியாகம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். தியாகம் செய்தவர்கள் எதையும் திருப்பிக் கேட்கக் கூடாது. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அவள் வேலை பார்த்த பல் மருத்துவமனைக் கட்டடத்தில் ஒருநாள் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் ஒருத்திதான். சரி செய்ய வந்தவர் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார், பயப்படாதீங்க, பயப்படாதீங்க என்று. நாற்பது நிமிடம். கதவு திறந்தபோது முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, குரலே போதும் என்றிருந்தது என்றாள். பதினேழு வருடம் நானும் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, உணவகம். மூன்று வாரத்தில் பதினொரு இடம் பார்த்தேன். ஒன்று மொட்டை மாடியில். காற்றில் பேச்சு அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்றில் பியானோ வாசித்தார்கள். இன்னொன்றில் பரிமாறுகிறவர்கள் எல்லாம் இளசுகள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார்கள். கடைசியில் ஆற்றோரமாக ஒரு பழைய பங்களா கிடைத்தது. எட்டே மேசை. கனமான திரைச்சீலை. பாட்டு கிடையாது, கரண்டி தட்டில் படுகிற சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்கும். வெளிச்சம் குறைவு, ஆனால் எதிரில் இருப்பவர் முகம் மாறினால் தெரிகிற அளவுக்கு உண்டு. ஜோடியாக வருகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் இல்லை. இதை இப்போதும் சொல்வேன்.

அங்கே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். அறுபது வயது, நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. அந்த முகத்தோடு அவர் எதைச் சொன்னாலும் ஊர் நம்பும். அதற்கு முந்தைய வருடம் அவர் பொறுப்பிலிருந்த குளிர் அறையில் தேதி தாண்டிய இறைச்சியைப் பார்த்தேன். அறிக்கையில் எழுதவில்லை. இரக்கத்தினால் இல்லை. எழுதாமல் விட்ட சில விஷயங்கள் எப்போதும் என்னிடம் இருக்கும். கைவசம் இருப்பது நல்லது.

எங்கள் வீட்டு மாப்பிள்ளையிடம் ஒரு சின்ன விளையாட்டு என்று அவரிடம் சொன்னேன்.

"விளையாட்டுன்னா, அப்புறம் உண்மையைச் சொல்லிடுவீங்கல்ல மேடம்?"

"பின்னே? சொல்லாம இருப்போமா?"

அவருக்கு மூன்றே வாக்கியம்தான். உள்ளே வந்ததும், "வாங்க சார், வழக்கமான மேசைதானே?" என்று கேட்க வேண்டும். பிறகு என் தங்கையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். சாப்பாடு கேட்கும்போது, "போன தடவை மேடத்துக்கு மீன் ரொம்பப் பிடிச்சிருந்ததே" என்று ஆரம்பித்து நிறுத்த வேண்டும். கடைசியாக, "மன்னிக்கணும் சார், வேற யாரையோ நினைச்சுட்டேன்." அந்த மன்னிப்பைத்தான் நான் நான்கு முறை சொல்லவைத்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஒரு பொய்க்கு உயிர் வரும்.

மேசையைச் சனிக்கிழமை ஏழு மணிக்கென்று பதிவு செய்தேன். அன்று ஐந்து மணிக்கே என் தங்கையின் பழைய கட்டிலில் துவைத்த விரிப்பைப் போட்டுவைத்தேன். எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. புதுப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதோ ஒருநாள் நான் வாங்கிக்கொடுத்த தோட்டைப் போட்டிருந்தாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"அவர் அங்க வழக்கமா வர்றவராம் அக்கா. யாரோடயோ."

"சேச்சே. அந்த இடத்தைச் சொன்னதே நான்தானே?"

"அதனாலதான் மாட்டிக்கிட்டார். அவரா பாத்திருந்தா அங்க கூட்டிட்டு வந்திருப்பாரா? நீ சொன்னதைத் தட்ட முடியல."

நான் யோசித்து வைத்திருந்த பதிலைவிட இது நன்றாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி.

வெளிநாட்டு விஷயத்தை அவர் வாயைத் திறந்து சொல்லவே முடியவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை வந்தார். அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான்தான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா, சத்தியமா அந்த வாசப்படியை நான் மிதிச்சதில்ல. நீங்களாவது நம்புங்க."

"நான் நம்புறேன் தம்பி. அவளுக்குக் கொஞ்சம் நாள் குடுங்க."

அடுத்த வாரம் அவர் நேரே போய் சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் அதற்கு முன்பே எனக்கு ஃபோன் செய்து, "சொல்லிடலாமா மேடம், பாவமா இருக்கு" என்றார். குளிர் அறை இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். அதன் பிறகு அவர் எங்கள் மாப்பிள்ளையிடம், "எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாராம். நான் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். என்னுடைய மூன்றையும்விட அது நன்றாக வேலை செய்தது.

அப்புறம் மாப்பிள்ளை என்னிடம் வந்தார். உங்கள் பதவியை வைத்து அவர்களுடைய பதிவேட்டைப் பாருங்கள், என் பெயர் இருக்காது, அதை அவளிடம் சொல்லுங்கள் என்றார். பார்க்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து, இருக்கிறது என்றேன். ஐந்து தடவை. அவர் இந்த ஊருக்கு வந்த தேதிகளில் ஐந்தை வரிசையாகச் சொன்னேன். அவை எனக்கு மனப்பாடம். ஃபோனில் அவரும் அந்தத் தேதிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

கடைசியாக அவர் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் அந்த அழைப்பைத்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அழவில்லை, கத்தவில்லை. எப்போதும் போல மரியாதையாகத்தான் பேசினார்.

"அக்கா, தூக்கம் போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நான் நிஜமாவே அங்க போயிருப்பேனோ? போயிட்டு எனக்கே தெரியாம இருக்குமோ?"

நான் கொஞ்சம் யோசித்தேன். அவசரப்பட்டுப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"இருக்கலாம் தம்பி. மனசு எப்படி எப்படியோ வேலை செய்யும். நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க" என்றேன்.

"சரிங்க அக்கா" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பதினான்கு மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டார். அவருடைய பாதுகாப்பு பெல்ட் மேலே இயந்திர அறையில் கொக்கியில் மாட்டியிருந்தபடியே இருந்ததாம். வேலை நேரத்து விபத்து என்று கம்பெனி எழுதியது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். தூக்கமில்லாதவர்கள் எதையாவது மறப்பார்கள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் என் தங்கை என்னோடு இருந்தாள். எங்கள் வீட்டில் எல்லாம் பழையபடி ஆனது. நான் வைத்ததைச் சாப்பிட்டாள். நான் தலை வாரினால் உட்கார்ந்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள், சாயங்காலம் நான் வரும்போது ஜன்னலருகே இருப்பாள். சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்டீர்கள். பத்திரமாக இருந்தாள். சந்தோஷத்தைக் கொடுக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போனவர் என்ன செய்தார் என்று நாம் பார்த்தோம்.

போன வியாழக்கிழமை அந்த சூப்பர்வைசர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். இனி என்னிடம் பயப்பட ஒன்றும் இல்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் சோதனையில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீயா அக்கா?"

"ஆமா" என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை.

உள்ளே போய், அவர் இறந்தபோது கம்பெனியிலிருந்து கொடுத்தனுப்பிய பையை எடுத்துவந்தாள். அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில் போட்டாள். நான்காக மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. வெளிநாட்டுக்குப் போக கம்பெனிக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். உடன் வருபவர்கள் என்ற கட்டத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று அவளுடையது. இரண்டாவது என்னுடையது. உறவுமுறை என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தார். மனைவியின் அக்கா என்றுகூட இல்லை.

"ஏழு மாசமா இதை ஒளிச்சு வெச்சு அழுதிட்டிருந்தேன்" என்றாள். "பாத்தா நீ தாங்கமாட்டேன்னு உன்கிட்ட காட்டல."

செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாள். நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அந்தப் புகாரில் இருக்கிற கையெழுத்து அவளுடையதுதான்; 'க'வை அப்படிச் சுழித்து எழுதக் கற்றுக்கொடுத்தது நான். கோபத்தில் எழுதியிருக்கிறாள், இருக்கட்டும். எதில் கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். மூன்று வாக்கியமும் என்னுடையவை. ஐந்து தேதிகளும் என்னுடையவை. ஞாயிற்றுக்கிழமை சொன்ன பதிலும் நான் யோசித்துச் சொன்னதுதான்.

ஆனால் அந்த விண்ணப்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் பெயரைப் போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, குளிர் ஒத்துக்கொள்ளாது. ஒருவரைக் கேட்காமலே அவருடைய வாழ்க்கையை இன்னொருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிற அந்தக் குணம் இருக்கிறதே, அதைத்தான் அவரிடம் என்னால் கடைசிவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.