கணக்கில் வராத தாள்

— பேரு வேணாம்மா, நம்பர் சொன்னா போதும். எங்க தாள்ல பிள்ளைங்க பேரே இருக்காது.

— நம்பருலாம் நமக்கு இன்னா தெரியும் மேடம். காவாந்தண்டலம், ஸ்வேதாவோட அம்மா நானு. எல்லம்மா. பன்னெண்டாவது படிச்சிகினு இருந்துச்சே, அந்தப் பொண்ணு.

— ஸ்வேதா அம்மாவா? உக்காருங்க, உக்காருங்க. நான் வளர்மதி. காலேஜ்ல சைக்காலஜி சொல்லிக் குடுக்கறேன், போன மாசம் இந்த ஸ்கூல்ல ஒரு டெஸ்ட் வெச்சேன். நாப்பத்திமூணாம் நம்பர் யாருன்னு ஸ்கூல்ல கேட்டு, காலையிலேர்ந்து உங்க பொண்ணத்தான் தேடறேன். வரலன்னாங்க.

— அது எய்துனத படிச்சீங்களா மேடம்?

— படிக்காமலா? தொண்ணூத்தாறு பிள்ளைங்க எழுதினாங்க. உங்க பொண்ணுதான் முதல்.

— அது இன்னா பரிட்ச மேடம்?

— பாருங்கம்மா, இது பாஸ், பெயில் பாக்கற பரீட்சை இல்ல. ஒருத்தங்க தன்னை எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்காங்க, தன் வாழ்க்கையத் தானே நடத்திக்க முடியும்னு எவ்வளவு நம்பறாங்க, அத அளக்கறது. அறுபது கேள்வி. 'என் வாழ்க்கையின் முக்கிய முடிவுகளை நானே எடுக்கிறேன்'னு ஒண்ணு. பாதிப் பிள்ளைங்க 'சில நேரம்'னு போட்டாங்க. ஸ்வேதா 'எப்போதும்'.

— எப்போதுமா.

— ஆமா. பெருமையா இல்லையா உங்களுக்கு?

— ஒரு பொடவ வாங்கியாந்து ரெண்டு கலருல எது வோணும்னு கேட்டாகூட, நீயே சொல்லும்மான்னு நிக்கும் மேடம். வூட்ல அது குரலு இன்னான்னு பக்கத்து வூட்டுக்குத் தெரியாது. நீங்க பக்கத்துல வந்து நின்னு சிரிச்சீங்களாம். இந்த மேடத்துக்கு எது புடிக்குமோ அத்தயே போட்டேம்மான்னு வந்து சொல்லிச்சு.

— அப்படியா சொன்னா?

— மெய்யாலும். நல்லவங்களா கீறாங்கம்மான்னுச்சு.

— சரி, அது இருக்கட்டும். நாளைக்கு அவள அனுப்பி வைங்க. நேர்ல உக்காந்து பேசணும்.

— வந்தவாசிக்கு அந்தாண்ட கீது மேடம். போன வெள்ளிக்கெயம கண்ணாலம் ஆயிடுச்சி.

— கல்யாணமா? பதினேழு வயசும்மா அவளுக்கு. அடுத்த மாசம் பப்ளிக் எக்ஸாம்.

— அவங்க நைனா அக்காக்காரிக்கு வாக்கு குட்த்துட்டாரு. அது புள்ளைக்கு முப்பத்திரெண்டு வயசு. ஜேசிபி ஓட்டிகினு கீறான். பந்தலு போட்டா ஊருக்குத் தெரிஞ்சிடும்னு வூட்டுக்குள்ளயே கட்டிட்டாங்கோ.

— ஸ்வேதா ஒண்ணுமே சொல்லலையா?

— தலைய குனிஞ்சிச்சி. கட்டிட்டான்.

— நீங்க எங்க இருந்தீங்க?

— நான்தான் தல வாரி பூ வெச்சேன்.

— பாருங்கம்மா, இந்த மாதிரின்னா பிள்ளைங்களுக்கு உதவறதுக்குன்னே பத்து ஒன்பது எட்டுன்னு ஒரு நம்பர் இருக்கு. ஒரு போன் போதும், ஆள் வந்துடுவாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட நானே வந்து நிறுத்தியிருப்பேன்.

— சொல்லிகீது மேடம். கடைசித் தாள்ல.

— எந்தத் தாள்?

— வூட்டுக்கு எட்த்துனு போயி எய்தினு வரச் சொன்னீங்களே. கோடு மட்டும் போட்டு, வெறும்னே இருந்துச்சே.

— 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்'... அதுவா. அது கணக்குல வராதும்மா. டிக் போட்ட தாளத்தான் எண்ணினோம். அதெல்லாம் தனியா கட்டி, கார் டிக்கியில... இருங்க. இருங்க, எடுத்துட்டு வரேன்.

— மெதுவா போங்கோ மேடம். இனிமே அவசரம் இன்னா கீது.

— இதோ, நாப்பத்திமூணு. இதுதான்.

— படிங்க.

— 'மேடம், மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டாம். நான் நர்சுக்குப் படிக்க வேண்டும். அப்பாவிடம் பேச இந்த வீட்டில் ஆள் இல்லை. நீங்கள் காரில் வருகிறவர்கள், நீங்கள் வந்தால் பயப்படுவார். தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நீலக் கதவு. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள்.'

— அவ்ளோதானா?

— அவ்வளவுதான். நாலு வாரமா எங்கூடவே கார்ல வந்து போயிருக்கு. நான் பிரிக்கவே இல்ல.

— ரோட்டுல காரு சத்தம் கேட்டா ஓடிப் போயி பாக்கறதே வேலையா இருந்துச்சி மேடம். தாலி ஏர்ற வரைக்கும்.

— இப்பவும் புகார் குடுக்கலாம். அவ கையெழுத்திலயே எழுதினது இது, அழுத்தமான சாட்சி. அவள மட்டும் கூட்டிட்டு வாங்க.

— வரமாட்டா. நேத்து போன்ல கேட்டேன். இங்கியே இருந்துக்கறேம்மா, நைனாவ அசிங்கப்படுத்தாதன்னுட்டா.

— இவ்வளவு துணிச்சலா எழுதின பொண்ணா அப்படிச் சொல்றா? எப்படிம்மா மனசு வந்துது உங்களுக்கு? அவ இப்படிக் கதறி எழுதியிருக்கா, பெத்தவ நீங்க பூ வெச்சு அனுப்பியிருக்கீங்க.

— எனக்கு எய்தத் தெரியாது மேடம். வேணாம்மா, நைனா பாத்தா உன்னக் கொன்னுடும்னு அய்துகினே, நான் சொல்லச் சொல்ல அது எய்திச்சி.