கத்தினவனுக்குத்தான் பந்து

— கத்தினது நீதான் வென்டல். சத்தியமா நீதான்.

— நான் வாயே தொறக்கல, ரூபென் அண்ணே. அன்னிக்கும் இதைத்தான் சொன்னேன். கத்தினது நீங்க.

— இதைக் கேக்கவா பனாமாவுலேர்ந்து இந்த நெப்ராஸ்கா குளிருக்கு வந்தேன்? இந்தா புதுசு, இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்து.

— தலை நரைச்சாச்சு. இன்னும் நான் புதுசா?

— பெரிய லீக் பேஸ்பால்ல ஒரு வாரம்கூட நீ தாங்கல. எப்ப பழசாவே?

— குத்துறீங்க.

— குத்தத்தான் வந்தேன். ‘ரூபென் தன் இடம் போயிடுமோன்னு பொய்யா கத்தி, புதுப் பையனைக் கவுத்துட்டான்’னு இன்னும் பேசறாங்க. அடுத்த மாசம் எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். அந்தப் பேரோட போய்ப் படுக்க மாட்டேன்.

— நான் நடு மைதானம், நீங்க இடது மைதானம். பந்து ரெண்டு பேருக்கும் நடுவுல ஏறுச்சு. கூட்டத்து இரைச்சல்ல ‘என்னுது’ன்னு மட்டும் காதுல விழுந்துச்சு. கத்தினவனுக்குத்தான் பந்து, மத்தவன் விலகணும். விலகினேன்.

— அதே சத்தத்துக்குத்தான் நானும் விலகினேன்.

— பந்து புல்லுல விழுந்துச்சு. ஆட்டம் போச்சு. மறுநாளே என்னை மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க. அப்புறம் யாரும் கூப்பிடல.

— ம்... அது யாரு, சுவத்துப் படத்துல? உன் ஜாடை.

— எங்க அண்ணன் கிளைட். இந்தச் சோளக்காட்டு ஓரமா ரெண்டு பேரும் ஒரே பந்துக்கு ஓடுவோம். ஒருநாள்கூட எனக்கு விட்டுக்கொடுத்ததில்ல.

— அவன் ஆட வரலையா?

— ஆள் எடுக்க வந்தவங்க பாக்க வந்ததே அவனைத்தான். அதுக்குள்ள குதிர்ல சோளம் தள்ளிவிட இறங்கினான். கால் புதைஞ்சுது, தானியம் அப்படியே உள்ள இழுத்துக்கிச்சு. அடுத்த வருஷம் அவன் போக வேண்டிய இடத்துக்கு நான் போனேன்.

— அட பாவமே.

— இப்பவும் சோளம் கொட்டுற சத்தம் கேட்டா எந்திரிச்சு வெளிய போயிடுவேன் அண்ணே. பயமா இருக்கும்.

— சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு என்னை ஏன் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டே?

— எந்தப் பேரு?

— எருமை, பல்லன்னு எனக்கு ஊர்ப்பட்ட பட்டப்பேரு. அந்தப் பேரை மட்டும் எவனும் சொன்னதில்ல. யாரைடா இவன் சொல்றான்னு முழிச்சுக்கிட்டேதான் விலகினேன்.

— உங்க காதுல விழுந்ததை அப்படியே சொல்லுங்க.

— ‘விடு பட்டாணி, என்னுது.’

— பட்டாணியா? இன்னொரு தடவை சொல்லுங்க.

— என்ன வென்டல்? மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு? யாரு பட்டாணி?

— நான்தான் அண்ணே. சுவத்துல இருக்கானே, அவன் ஒருத்தன்தான் என்னை அப்படிக் கூப்பிடுவான்.