தடங்கலில்லாமல் ஓடிய இறுதி ஆட்டம்

ரூட்டரை மீன் வைக்கிற ஃப்ரீசருக்குப் பின்னால் வைக்கக் கூடாது, புவான் விஜிதா. கடை தொடங்கியதிலிருந்து அங்கேதான் வைத்திருந்தேன், ஒரு மனுஷனும் சொல்லவில்லை. தொழிலாளர் இலாகாவிலிருந்து மெர்சிங் வரைக்கும் வந்திருக்கிறீர்கள், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கடை முதலாளி ஜமால் நான்தான். என் வேலையாள் பாசித் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறான், தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

ஜனம் எங்கள் ரொட்டி சானாய்க்காக வருகிறது என்று நான் பீற்றிக்கொள்வதில்லை. ஜெட்டிப் பக்கம் எல்லாக் கடை ரொட்டியும் ஒரே ரொட்டிதான். பெரிய டிவிக்காக வருகிறார்கள். பந்து கோலை நெருங்குகிற நேரம் பார்த்துப் படம் உறைந்து, நடுவில் வட்டம் சுற்றும். பக்கத்துக் கடையில் கோல் என்று குதிப்பார்கள், எங்கள் கடையில் பந்து இன்னும் மைதானத்தின் நடுவில் கிடக்கும். படகோட்டி காளிதாஸ் ஒருநாள் எல்லார் முன்னாலும், "அலமாக், அண்ணே, ஒங்க கடையில மேட்ச் பாத்தா நாளைக்குத்தான் ரிசல்ட் தெரியும் லா" என்றான். மானம் போயிற்று. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். ரூட்டரைக் கல்லாவுக்கு மேலே உயரத்தில் வைத்தேன். வைஃபையை நம்பாமல் டிவி பெட்டிக்கு நேராகக் கேபிள் இழுத்தேன். பெட்டிக்குள் சேர்ந்து கிடந்த குப்பையை அழித்தேன். வட்டம் குறைந்தது, ஒழியவில்லை. லைன் வேலை தெரிந்த மூர்த்தியைக் கூப்பிட்டேன். "லைன் ஓகேதான் அண்ணே. மேல யாரோ இழுக்கிறாங்க" என்று சொல்லி, என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். எந்தப் போன் எவ்வளவு இழுக்கிறது என்று பெயரோடு காட்டும். பெயரைத் தொட்டு நிறுத்தினால் அந்தப் போனுக்கு லைன் கிடையாது. அருமையான சாமான்.

மேலே என் வேலையாட்கள் தங்கியிருக்கிறார்கள். வைஃபை இலவசம். மலேசியாவில் வேறு எந்த முதலாளி கொடுக்கிறான், விசாரித்துப் பாருங்கள். அப்துல் பாசித் டீ ஆற்றுகிறவன், ராமநாதபுரம் பக்கத்து ஆள். கோப்பை இறுதி ஆட்டத்தன்று காலையில் ஊரில் அவன் வாப்பா மௌத்தாகிவிட்டார். போக வேண்டும் என்று வந்து நின்றான். பாஸ்போர்ட் என் டிராயரில் இருந்தது. தொலைத்துவிடுவார்களே என்று எல்லாருடையதையும் நான்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கொடுத்திருக்கலாம்தான். கடை நிறையப்போகிற நாளில் டீயை யார் ஆற்றுவது? "இப்ப கெளம்பினாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர மாட்டப்பா. வீடியோவுல பாத்துக்க" என்றேன். நியாயமான யோசனை.

அங்கே சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதே நேரம் இங்கே இருட்டி, ஆட்டம் தொடங்கிவிடும். இருந்தும் நானே அவனை மேலே அனுப்பினேன். மனசாட்சி இல்லாதவன் என்று எழுதுவதற்கு முன்னால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் துக்கம் கேட்க நானும் போனேன்.

கட்டிலில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். போனில் தெரிந்த மையவாடியில் சந்தூக்குப் பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். "ஒரே ஒரு தடவ வாப்பா மொகத்தக் காட்டுங்க காக்கா. இங்க வந்ததுலேருந்து நேர்ல பாக்கலயே" என்று கெஞ்சினான். "இருப்பா, கூட்டம் வெலகட்டும், தொறந்து காட்டுறேன்" என்றது போனில் அவன் அண்ணன் குரல். அவன் தோளைத் தட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புவான். எனக்கும் வாப்பா இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே கடையே ஊளையிட்டது. பெனால்டியாம், படம் நின்றுவிட்டதாம். காளிதாஸின் குரல் தனியாகக் கேட்டது.

படியில் இறங்கிக்கொண்டே ஆப்பைத் திறந்தேன். பாசித் பெயர்தான் உச்சியில் இருந்தது. தொட்டு நிறுத்தினேன். தெரியாமல் செய்தாயா என்று கேட்டால், இல்லை. முகத்துணியில் யாரோ கைவைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. கோலும் விழுந்தது.

அவன் போனுக்கு டேட்டா போட்டுக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். என் கல்லாவிலேயே ரீலோட் விற்கிறேன். கூட்டத்தில் நினைவு வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் ஓடி வந்தான். "முதலாளி, லைன் போச்சு. மொகத்தத் தொறக்கப் போனாங்க. சீக்கிரம் பாருங்களேன்."

"அல்லாஹ்வோட நாட்டம்பா. லைன் நம்ம கையிலயா இருக்கு?" என்றேன்.

போன் என் கையில்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பெரிய டிவியில் ஆட்டம் தங்குதடையில்லாமல் ஓடுவதையும் பார்த்தான். ஆட்டம் முடிந்ததும் நானே அவன் லைனைத் திறந்துவிட்டேன், யாரும் சொல்லவில்லை. அதற்குள் அங்கே மண் தள்ளியாயிற்று.

மறுநாள் ஆளைக் காணோம். பாஸ்போர்ட்டைக்கூடக் கேட்காமல் நேராக உங்களிடம் வந்துவிட்டான். மனசு உடைந்துபோனது என்று சொல்லியிருப்பான். நம்பாதீர்கள் புவான். ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்குக் கடையே டீ கேட்டது, அத்தனையும் அவன்தான் ஆற்றினான். ஒவ்வொரு கிளாஸிலும் நுரை விளிம்பு வரை நின்றது. மனசு உடைந்தவனுக்கு அப்படி ஆற்ற வருமா, நீங்களே சொல்லுங்கள்.