ஒரே ஒரு ஜம்பர்

ஜம்பரை விரலால் பிடுங்கக் கூடாது, ஐயா. நகம் உடையும், அவசரப்பட்டால் ஊசியும் வளையும். சின்னச் சாமணம் ஒன்று இருந்தால் போதும். உங்கள் நிபுணர் தன் அறிக்கையில் ‘ஜம்பர் தவறுதலாக இடம் மாறியிருந்தது’ என்று எழுதியிருக்கிறார். தவறுதலாக இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு என்று மாப்பிள்ளையை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அதில் எனக்குச் சம்மதம் இல்லை. பாசம் எல்லாம் இல்லை. போன வருடம் அவர் செய்ததை என் பேரில் எழுதினார்கள். இப்போது நான் செய்ததை அவர் பேரில் எழுதுகிறீர்கள். ஒரு தடவையாவது யார் செய்தது யார் பேரில் என்று ஒழுங்காக இருக்கட்டும்.

அவர் என் தங்கை புருஷன். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவர். அவளுக்கு அவரைக் காட்டியதே நான்தான். அவள் அதே ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் இருந்தாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி வழியாக எங்கள் அறை முழுவதும் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருப்பது ஸ்கஸி என்கிற பழைய வகை சர்வர். ஒரே கேபிளில் பல டிஸ்குகளை மாட்டலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். டிஸ்கின் பின்பக்கம் ஜோடி ஜோடியாக ஊசிகள் நிற்கும். ஜம்பர் என்கிற அரிசி அளவு பிளாஸ்டிக் துண்டை எந்த ஜோடியில் செருகுகிறோமோ அதை வைத்து எண். துண்டே இல்லாவிட்டால் பூஜ்யம். முதல் ஜோடியில் செருகினால் ஒன்று. அவ்வளவுதான் வித்தை.

போன வருடம் மாப்பிள்ளை புது டிஸ்க் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். எண்ணைப் பார்க்காமல் அப்படியே மாட்டினார். ஏற்கெனவே இருந்ததற்கும் அதே எண். பேர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் பதிவுகள் கூழாகின. நான் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே இல்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன்.

விசாரணையில் என் தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்தவள். “அண்ணன் மத்தியானம் வந்து மாட்டிட்டுப் போனாரு” என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். பார்வையைத் திருப்பியிருந்தால்கூட ஏதோ ஒரு மாதிரி இருந்திருக்கும்.

அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

“ஏம்மா அப்படிச் சொன்ன?”

“அவருக்கு வேலை போனா எங்க கதி என்னண்ணா? புள்ள இருக்கு. உனக்கு யாரு இருக்கா, சொல்லு.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். உண்மையும் அதுதான். எனக்கு அவள்தான் இருந்தாள்.

என்னைப் பிரிண்டர் பக்கம் தள்ளினார்கள். வார்டு வார்டாகப் போய்ச் சிக்கிய காகிதத்தை இழுப்பது வேலை. மாப்பிள்ளை என் நாற்காலியில் உட்கார்ந்தார். மனிதர் நல்லவர்தான். “மச்சான், ஒரு மணிக்கு மெஷின நிறுத்தித் தூசி தட்டுவோம்ல, அத மட்டும் நீங்களே பண்ணுங்க. உங்க கை மாதிரி வராது” என்று சாவி ஒன்று கொடுத்தார். குற்ற உணர்ச்சி சிலரை இப்படித் தாராளமாக ஆக்கிவிடும்.

சர்வரில் இரண்டு டிஸ்குகள். பூஜ்யம் அன்றாட வேலைக்கு. மெஷின் அதிலிருந்துதான் எழும். ஒன்று, மாதத்தின் முதல் ஞாயிறு எடுக்கும் நகலுக்கு. பூஜ்யம் செத்தால் உதவும் என்று சும்மா கிடக்கும்.

இந்த மாதம் இரண்டாவது வாரத்தில் தங்கைக்குக் காலில் ஒரு கட்டி. வார்டில் ஊசி போட்டார்கள். போட்ட நிமிடத்தில் முகம் வீங்கி, நாக்கு தடித்து, மூச்சு நின்றுபோகப் பார்த்தது. எப்படியோ மீட்டார்கள். அதைக் கம்ப்யூட்டரில் அவளுக்கான பக்கத்தில் ஏற்ற வேண்டும். மாப்பிள்ளை “தப்பா அடிச்சிடுவேன் மச்சான், நீங்க அடிங்க” என்றார். நான் அடித்தேன். மருந்தின் பெயர், அதன் கீழே ‘எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது’.

அடுத்த வாரம் கட்டி பழுத்து, காய்ச்சலில் பிதற்றும் நிலையில் கொண்டுவந்தார்கள். மருத்துவர் வேறு ஆள். “ஏதாவது மருந்து ஒத்துக்காதா?” என்று கேட்டார். மாப்பிள்ளை, “எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு டாக்டர்” என்றார். எங்கள் தொழில்காரன் மட்டும்தான் இப்படிப் பதில் சொல்வான். வேறு எவனாக இருந்தாலும் மருந்தின் பெயரை வாயால் சொல்லியிருப்பான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வரி எந்த டிஸ்கில் இருக்கிறது, எதில் இல்லை என்பது அப்போது சும்மா நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டரைக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும். மாப்பிள்ளை தயங்கினார். “நீங்க போய்ட்டு வாங்க. நான் இருக்கேன்ல” என்றேன். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

ஒரு மணிக்கு மெஷினை நிறுத்தினேன். தூசி தட்டினேன். இரண்டாவது டிஸ்கிலிருந்த ஜம்பரை எடுத்து முதல் டிஸ்கில் செருகினேன். பூஜ்யம் ஒன்றானது, ஒன்று பூஜ்யமானது. மெஷின் எந்த முனகலும் இல்லாமல் மாதத் தொடக்க நகலிலிருந்து எழுந்தது. புதுப் பதிவுகள் காணவில்லை என்று பதிவு மேசையில் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று கணக்கிட்டேன். ஐம்பது நிமிடம் ஆனது.

மாப்பிள்ளையை அலையவிடத்தான் செய்தேன், கெட்ட பேர் வாங்கட்டும் என்று. அன்று முழுவதும் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். மேலே, வார்டுக்குப் படியேறும்போதும் சொல்லிக்கொண்டேன்.

திரையில் நோயாளியின் பக்கத்தைப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது என்பது அங்கே விதி. நர்ஸ் விதிப்படி பார்த்தாள். அந்தப் பெண்மீது பழி போடாதீர்கள். பார்த்துவிட்டுத் திரும்பி என்னிடமும் கேட்டாள்.

“ஒவ்வாமை ஒண்ணும் இல்லைன்னு காட்டுது. சரிதானே சார்? நீங்க அண்ணன்தானே?”

“அண்ணன்தான்.”

“இந்த ஊசி இதுக்கு முன்னாடி போட்டிருக்காங்களா?”

அவள் கையில் இருந்த குப்பியின் பெயரைப் படித்தேன். நான் அடித்த அதே பெயர், எழுத்துப் பிசகாமல். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்தாறு நொடி யோசித்தேன்.

“கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதுதான், சிஸ்டர்” என்றேன்.

தங்கைக்கு அப்போது கொஞ்சம் நினைவு திரும்பியது. கையைத் துழாவினாள். “அண்ணா, அவரு எங்க?” என்றாள்.

“வந்துடுவாரு. நான் இருக்கேன்.”

“நீ போயிடாத.”

போகவில்லை. ஊசி இறங்கியபோதும் கையை விடவில்லை. அவள் கழுத்து தடித்தபோது, நர்ஸ் ஆள் கூப்பிட ஓடியபோது, இரண்டு மருத்துவர்கள் என்னை விலகச் சொன்னபோதுகூட அந்தக் கை என் கைக்குள்தான் இருந்தது. மாப்பிள்ளை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும், ஐயா. கடைசிவரை அவள் பக்கத்தில் நின்றது நான் ஒருவன்தான். எனக்கு அப்படி நிற்க அவளுக்கு மனம் வரவில்லை.